ஊட்டி உறைபனியில் சைக்கிள்: கையுறைக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பொங்கல் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டிக்குச் சைக்கிளில் ஏறுகிறோம். இரவு தங்கி, மறுநாள் விடியலில் தலைக்குந்தா பக்கம் போக ஆசை. ஜனவரியில் அங்கே புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைப் பார்க்கத்தான் போகிறோம், வழுக்கி விழ அல்ல.

ஏற்றத்தில் பயமில்லை, மிதிக்க மிதிக்க உடம்பு தானாகச் சூடாகிவிடும். இறக்கம்தான் கவலை. வியர்வையில் நனைந்த பனியன் எதிர்காற்றில் முதுகோடு ஒட்டிக்கொண்டு நடுக்கம் எடுக்கும். விரல் மரத்துப்போனால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. நெஞ்சுக்குச் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகும் பழைய வித்தை இருக்கிறது. கைக்கு என்ன செய்வது? கம்பளிக் கையுறைக்குள் காற்று புகுந்துவிடுகிறது. பைக் ஓட்டுபவர்களின் தடித்த கையுறையைப் போட்டால் கியர் மாற்ற வராது.

நீலகிரிவாசிகளே, மர நிழல் விழும் வளைவுகளில் சாலை காலை எத்தனை மணிக்குக் காயும்? டயரில் காற்றைச் சற்றுக் குறைப்பது உதவுமா? கையுறை கோவைக் கடைகளில் கிடைத்தால் நல்லது. ஆன்லைனில் வாங்கினால் என் கைக்கு அளவு சரியாக அமைவதே இல்லை.