உண்டியலில் வந்த பணம் சென்மதி நிலுவையில் எங்கே போகிறது?

கொட்டகலை ஆசிரியை:
உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். இலங்கை மத்திய வங்கியின் தரவின்படி தொழிலாளர் பணவனுப்பல் 2020இல் சுமார் 710 கோடி டொலராக இருந்து, 2021இல் சுமார் 550 கோடிக்கும் 2022இல் சுமார் 380 கோடிக்கும் இறங்கியது. ஆனால் எமது தோட்டப் பகுதியில், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் பணம் அக்காலத்திலும் வந்துகொண்டுதான் இருந்தது. மகள் தொலைபேசியில் சொன்ன இலக்கத்தைத் தாய் சொன்னதும், மோட்டார் சைக்கிளில் வந்தவர் லயத்து வாசலிலேயே ரூபாவை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். அப்படியானால் கணக்கில் குறைந்தது எது? அந்த டொலர்கள் நாட்டுக்கு வந்தனவா, இல்லையா?

பதுளை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பணம் வந்தது, டொலர் வரவில்லை. 2022 மார்ச்சில் நாணய மாற்று வீதம் தளர்த்தப்படும் வரை வங்கிகள் ஒரு டொலருக்குச் சுமார் 200 ரூபாவே கொடுத்தன. வெளியில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்ததால் மக்கள் உண்டியலை, அதாவது வங்கியைத் தவிர்த்து முகவர் மூலம் பணம் அனுப்பும் முறையை, நாடினார்கள். குவைத்தில் அந்தப் பெண் கொடுத்த தினார் அங்கேயே முகவரிடம் தங்கிவிட, வாசலில் எண்ணப்பட்டது ஏற்கெனவே இந்நாட்டில் இருந்த ரூபா.

நாட்டின் வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கல் கணக்கான சென்மதி நிலுவை அளப்பது பணம் எல்லையைத் தாண்டுவதை அல்ல. இந்நாட்டில் வதிவோருக்கும் வதியாதோருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலை. ஓராண்டு அல்லது அதற்கு மேல் அங்கே இருக்கும் பெண், சர்வதேச நாணய நிதியத்தின் கைநூலின்படி அந்நாட்டு வதிவாளர். அவர் தாய்க்கு அனுப்புவது கைம்மாறு இல்லாத பணமாற்றங்களைக் காட்டும் இரண்டாந்தர வருமானத்தில் வரவாகும். ஆகவே விதிப்படி உண்டியல் பணமும் கணக்கில் சேர வேண்டியதே. ஆனால் பணவனுப்பல் தரவு வங்கிகளின் அறிக்கைகளிலிருந்து பெறப்படுவதால், அது விடுபட்டுப் போகிறது.

இனி, குவைத்தில் தங்கிய அந்தப் பணம் என்ன ஆனது என்பதே முக்கியம். கொழும்பு இறக்குமதியாளர் ஒருவர் அதைக் கொண்டு பொருள் வாங்கி, சுங்கத்தில் முழுப் பெறுமதியையும் காட்டியிருந்தால், இறக்குமதி பதிவாகும், அதற்கு ஈடான வரவு பதிவாகாது; அந்த வித்தியாசம், கணக்கின் இரு பக்கங்களையும் சமப்படுத்தும் ‘தேறிய வழுக்களும் விடுபடல்களும்’ என்ற வரியில் நேர்க் குறியுடன் வந்து விழும். அவர் பெறுமதியைக் குறைத்துக் காட்டியிருந்தால், குறைத்த அளவுக்கு இரு பக்கமும் விடுபட்டு, வழுவாகக் கூடத் தெரியாது. யாரேனும் அதை வெளிநாட்டுக் கணக்கில் பதுக்கியிருந்தால் அது மூலதன வெளியேற்றம்; அதுவும் அப்படியே மறைந்துபோகும். அதனால் அந்த வரி சிறிதாக இருப்பதைக் கண்டு கணக்கு சரியென்று எண்ணிவிட முடியாது.

2023இல் பணவனுப்பல் சுமார் 600 கோடி டொலராக ஏறியதும் இதனோடு தொடர்புடையதே. வெளிநாடு சென்றோர் தொகை கூடியது ஒரு காரணம்; உண்டியலில் போனது வங்கிக்குத் திரும்பியது இன்னொன்று. இரண்டையும் பிரிக்காமல், உழைப்பு இத்தனை மடங்கு பெருகியது என்று மாணவர்களுக்குச் சொல்வது தவறு.

நுவரெலியா வாசகர்:
மேலே கூறியது தெளிவாக இருக்கிறது. தேயிலையிலும் இதே கேள்வி எழுகிறது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான சுமார் 25 கோடி டொலர் கடனைத் தேயிலையால் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டதே, அந்தத் தேயிலையும் ஏற்றுமதியாகவா பதிவாகிறது?

பதுளை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
ஆம், ஏற்றுமதியாகவே பதிவாகிறது. உடைமை வதியாதவருக்கு மாறினால் போதும், டொலர் கிடைக்க வேண்டியதில்லை. அதற்கு ஈடான எதிர்ப்பதிவு, வெளிநாட்டுச் சொத்துக்களையும் கடன்களையும் காட்டும் நிதிக் கணக்கில் கடன்பொறுப்பின் குறைவாக வருகிறது. ஏற்றுமதியாளருக்கு ரூபாவில் கொடுக்கப்படுவதால் நாட்டின் வெளிநாட்டு நாணய ஒதுக்கில் ஒரு டொலரும் சேராது. தேயிலை ஏற்றுமதி வருமானம் முழுவதும் டொலராக வங்கிக்கு வருகிறது என்று எண்ணுபவர்களுக்கு இந்த உதாரணத்தைக் காட்டலாம்.

கொட்டகலை ஆசிரியை:
மிக்க நன்றி ஐயா. அடுத்த வகுப்பில் பணவனுப்பல் அட்டவணையோடு வழுக்களும் விடுபடல்களும் வரியையும் கரும்பலகையில் எழுதி, மாணவர்களையே வாசிக்கச் செய்கிறேன்.