கம்ப்யூட்டரில் அனுமதி கேட்கும் பெட்டி வரும் முன்பே 'ஆம்' அழுத்திய அனுபவம் உண்டா?

பழைய டிடிபிக்காரன்:
2007-ல் எங்கள் டிடிபி சென்டருக்கு விண்டோஸ் விஸ்டா போட்ட கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை முந்தைய விண்டோஸ் எக்ஸ்பிதான். எல்லாருக்கும் எதையும் மாற்ற உரிமையுள்ள அட்மின் கணக்கு, எதை இன்ஸ்டால் செய்தாலும் கேள்வி கிடையாது. வாடிக்கையாளரின் பென்டிரைவைச் செருகினால் செருகியதும் தானாக ஓடவைக்கும் ஆட்டோரன் வழியாக வைரஸும் கூடவே இறங்கும். விஸ்டாவிலோ ஒரு தமிழ் ஃபான்ட் போடுவதற்கும் திரை இருண்டு அனுமதி கேட்கும். முதல் வாரம் ஒழுங்காகப் படித்தோம். அப்புறம் விரல் தானாக 'கன்டினியூ' பட்டனுக்குப் போய்விடும். அவசரமான கல்யாணப் பத்திரிகை வேலை ஒன்றின் நடுவே, அந்த வசதியையே அணைத்துவிடச் சொன்னார் முதலாளி. அணைத்தது நான்தான். இரண்டே மாதத்தில் மெஷினை ஃபார்மட் அடித்தோம். 2009-ல் வந்த விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்துக்கொண்டது. அந்த அளவுக்குக் கேட்டிருந்தால் அணைத்திருக்க மாட்டோம் என்று இப்போதும் தோன்றுகிறது.

வீட்டு ஐடி மந்திரி:
அப்பாவுக்குச் சாதாரணக் கணக்கு, அட்மின் பாஸ்வேர்டு என்னிடம். பிரிண்டர் டிரைவர் போட ராத்திரி 11 மணிக்கு போன். "பாஸ்வேர்டைச் சொல்லிட்டுத் தூங்குடா" என்றார். சொன்னேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனால், மானிட்டர் ஓரத்தில் துண்டுச் சீட்டில் அது ஒட்டியிருக்கிறது!

டெபியன் பித்தன்:
நான் வைத்திருப்பது டெபியன் என்ற லினக்ஸ், எனக்கு இந்தத் தொல்லை குறைவு. மென்பொருளை நிறுவும் ஆப்ட் (apt) கட்டளை ஒன்று போதும், டிஜிட்டல் கையொப்பம் சரிபார்த்த மென்பொருள் பொதி வந்து இறங்கும். ஆனால் எல்லாம் பழைய பதிப்பு என்று நானே புலம்பியிருக்கிறேன். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் (xz) பொதியில் யாரோ பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, வைத்திருந்தது தெரியவந்தது. தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் (SSH) லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். புதிய பதிப்புகளுக்கு ஓடியவர்களிடம் அது போய்ச் சேர்ந்திருந்தது. பழைய பதிப்புகளையே வைத்திருக்கும் டெபியன் ஸ்டேபிளில் இல்லை. அன்றோடு புலம்பலை நிறுத்திவிட்டேன்.

பழைய டிடிபிக்காரன்:
பத்திரிகை என்றதும் இன்னொன்று. போன மாதம் குடும்ப குரூப்பில் 'திருமண அழைப்பிதழ்' என்று ஒரு ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) வந்தது. சித்தி அதைத் தட்டியிருக்கிறார். செட்டிங்ஸுக்குப் போய் அனுமதி கொடுக்கச் சொல்லியிருக்கிறது போன். "யாருடா அங்கெல்லாம் போய்த் தேடுவா? கூப்பிடணும்னா வீட்டுக்கு வந்து பத்திரிகை வைக்கட்டும்" என்று மூடி வைத்துவிட்டார்.