மாரிக்குப்பம் குடும்பம்

(வாட்ஸ்அப் குழு, காலை 7:52 முதல்)

செல்வி: பெரியண்ணா, திவ்யா நிச்சயம் ஆவணி 10 என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். நீங்களும் அண்ணியும் எந்தத் தேதி திரும்புகிறீர்கள்? மண்டபத்துக்கு இன்றைக்கே முன்பணம் கட்ட வேண்டும்.

சந்திரன்: எந்த மண்டபம்? ராபர்ட்சன்பேட்டையா, பெங்களூரா?

செல்வி: அதையும் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

பாபு: பெரியப்பா இப்போது எங்கே?

தாமோதரன்: கனடாவின் யூகான் பகுதியில் டாசன் வந்துவிட்டோம். ஒயிட்ஹார்ஸிலிருந்து 530 கிலோமீட்டர், பிரபுதான் ஓட்டினான். ஊருக்குள் நுழையும் முன்பே சாலையோரம் கூழாங்கல் குவியல்கள், பெரிய புழு நெளிந்து போன தடம் மாதிரி. டிரெட்ஜ், அதாவது தண்ணீரில் மிதந்தபடி தங்கம் தோண்டும் இயந்திரம், ஓடையைத் தோண்டித் தோண்டிக் கக்கிய கல். நம் கோலார் தங்கவயலில் தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேடு மாவாக இருக்கும், காற்றடித்தால் கண் திறக்க முடியாது. இது வெறும் கல்.

செல்வி: சரி அண்ணா. தேதி?

தாமோதரன்: சொல்கிறேன். 1896 ஆகஸ்டில் இங்கே ராபிட் க்ரீக் என்ற ஓடையில் தங்கம் கிடைத்தது. அப்புறம்தான் அதற்குப் பொனான்சா என்று பெயர். அங்கே இருந்தவர்கள் ஸ்கூகம் ஜிம், அவர் மருமகன் டாசன் சார்லி, ஜிம்மின் தங்கை கேட் (Kate) என்பவரின் புருஷன் ஜார்ஜ் கார்மாக். முதலில் பார்த்தது யார் என்று இன்னும் சண்டை. ஆனால் கண்டுபிடித்தவருக்கான பங்கு வெள்ளைக்காரர் கார்மாக் பெயரில்தான் பதிவானது. ஜிம் பழங்குடி, அவர் பெயரில் எழுத விடமாட்டார்கள் என்று காரணம் சொன்னார்களாம்.

சந்திரன்: மச்சான் பெயரில் எழுதிய கதை நமக்குப் புதுசா?

செல்வி: சின்னண்ணா, காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள். அந்த மனைக்கு இத்தனை வருஷம் வரி கட்டியது என் வீட்டுக்காரர்தான்.

கௌரி: அந்தக் கேட்டைக் கைவிட்டுவிட்டு கார்மாக் வேறு கல்யாணம் செய்துகொண்டான். இவர் அதை எழுதவில்லை, பாருங்கள்.

பாபு: ட்ரம்ப்போட தாத்தாகூட அந்தப் பக்கம் ஹோட்டல் வைத்திருந்தாராமே?

பிரபு: ஆமாம்டா. வழியில் பெனட் என்ற ஊரில், அப்புறம் ஒயிட்ஹார்ஸில். தங்கம் தோண்டவில்லை, தோண்டப் போனவர்களுக்குச் சோறு போட்டார்.

சந்திரன்: பிழைக்கத் தெரிந்தவர்.

தாமோதரன்: 1897 ஜூலையில் தங்கத்தோடு கப்பல் சியாட்டிலுக்குப் போனதும் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். இங்கே வந்து சேர்ந்தது முப்பது, நாற்பதாயிரம்தான். ஒரு வருஷத்துச் சாப்பாடும் சாமானும், ஏறக்குறைய ஒரு டன், ஆளுக்கு ஆள் கையில் இல்லாவிட்டால் மலை உச்சியில் கனடா போலீஸ் விடாது. அதை அலாஸ்காவிலிருந்து கனடாவுக்கு ஏறும் சில்கூட் கணவாயில் முதுகில் சுமந்து, இறங்கி, மறுபடி சுமந்து...

சந்திரன்: அண்ணி ஊருக்கு வரும்போதும் அவ்வளவுதான்.

கௌரி: 😡

பாபு: நிலம் உறைந்திருக்குமே, எப்படித் தோண்டினார்கள்?

தாமோதரன்: நல்ல கேள்வி. குளிர்காலத்தில் விறகு மூட்டி, இளகிய மண்ணை அள்ளி, மறுபடி மூட்டி, அடிப்பாறை வரை இறங்குவார்கள். அள்ளியதைக் குவித்து வைத்து, ஓடை உருகி ஓடும்போதுதான் கழுவ முடியும். நாங்கள் நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தோம். பாறையே சுடும். இவர்கள் பாறையைத் தொடவே நெருப்பு வைத்திருக்கிறார்கள்.

பாபு: குல்ஃபிக்குள் தங்கம் 😂 பிரபு அண்ணா, அங்கே மனிதக் கால்விரலைப் போட்டுச் சாராயம் கொடுப்பார்களாமே? விரல் உதட்டில் பட்டால் சான்றிதழாம்.

செல்வி: சீச்சீ!

பிரபு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கௌரி: பிரபு, நேற்று ராத்திரி எங்கே போயிருந்தாய்?

திவ்யா: மாமா, என் நிச்சயத்துக்கு வருவீர்களா, மாட்டீர்களா?

தாமோதரன்: உன் தாய்மாமன் வராமலா, கண்ணு? இன்றைக்கு டிரெட்ஜ் நம்பர் 4 பார்த்தோம். எட்டு மாடி உயரம், மரத்தால் ஆன உடம்பு. 1959 வரை ஓடியது. நின்ற ஓடையிலேயே அரசாங்கம் காப்பாற்றி வைத்து, டிக்கெட் போட்டு உள்ளே கூட்டிப்போகிறது. நம் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடினதிலிருந்து என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். சில்கூட் பாதையில் 1898இல் எறிந்துவிட்டுப் போன சாமான்கள் இன்னும் கிடக்கின்றனவாம். ஒரு துருப்பிடித்த டப்பாவை எடுத்தாலும் குற்றம். நம் வீட்டில் அப்பாவின் சுரங்கத்துக் கார்பைடு விளக்கு காயலான் கடைக்குப் போனது.

சந்திரன்: மறுபடி விளக்கா? எடைக்குப் போட்டது நான் இல்லை.

செல்வி: பின்னே யார்?

சந்திரன்: அம்மா.

கௌரி: அத்தை போன பிறகு அவர்களை இழுக்காதீர்கள்.

(காலை 8:41)

தாமோதரன்: இன்னொன்று. இங்கே ஆதியில் இருந்தது ட்ரொண்டெக் ஹ்வெச்சின் ஜனங்கள். அந்த ட்ரொண்டெக்தான் வந்தவர்கள் வாயில் கிளாண்டைக் என்று இந்தப் பகுதியின் பெயர் ஆனது. அவர்கள் சால்மன் மீன் பிடித்த இடத்தைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. தலைவர் ஐசக் ஜனங்களை ஆற்றோடு 5 கிலோமீட்டர் கீழே, மூஸ்ஹைடுக்குக் கூட்டிப்போனார். பாட்டும் ஆட்டமும் அழிந்துவிடும் என்று பயந்து, அலாஸ்காவில் இருந்த சொந்தக்காரர்களிடம் கொடுத்து வைத்தார். பல வருஷம் கழித்து அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள்.

செல்வி: சொந்தக்காரர்களிடம் கொடுத்தது திரும்பி வந்ததா? நல்ல சொந்தம். அண்ணி, என் காசுமாலை ஞாபகம் இருக்கிறதா?

கௌரி: பெங்களூர் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது. நான் வந்துதான் எடுக்க முடியும்.

செல்வி: அதற்குத்தான் தேதி கேட்கிறேன்!

பிரபு: அத்தை, டிக்கெட் 25ஆம் தேதி என்று நினைக்கிறேன். முன்னால் மாற்ற முடியுமா பார்க்கிறேன். திங்கட்கிழமை இங்கே தங்கம் கிடைத்த நாள் விடுமுறை. அதைப் பார்க்காமல் அப்பா நகரமாட்டார்.

செல்வி: நினைக்கிறாயா?

தாமோதரன்: (படம்) நம்பர் 6 கிளெய்ம், அதாவது தங்கம் தோண்டப் பதிவு செய்த பங்கு நிலம். இங்கே யார் வேண்டுமானாலும் காசில்லாமல் அலசிப் பார்க்கலாம். இரண்டு மணி நேரம் தண்ணீரில் குந்தியிருந்தேன். மூன்று துகள்.

பாபு: எங்கே? தெரியவில்லை.

தாமோதரன்: பெரிதாக்கிப் பார். கட்டைவிரலுக்குப் பக்கத்தில்.

சந்திரன்: அது மண்.

செல்வி: நான் பணம் கட்டிவிடட்டுமா, வேண்டாமா?

தாமோதரன்: கட்டிவிடு. எந்த மண்டபம்?