லீற்றருக்கு 9 கிலோமீற்றர்தான்: எதை முதலில் சோதிப்பது?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன். அண்மையில் பாவித்த கார் ஒன்று வாங்கினேன்; 1000 சிசி, ஒட்டோ கியர். வேலைக்காகக் கல்முனை போய் வருவதுதான் ஓட்டம். மேடு பள்ளமில்லாத கரையோர வீதி. அப்படியிருந்தும் லீற்றருக்கு 9 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. டாங்கை முழுதாக நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கு இது.

எயார் பில்டரும் பிளக்குகளும் புதியவை. டயர்களில் காற்று சரி, பெற்றோல் ஒழுக்கும் இல்லை. எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஆனால் சைலன்சர் வாயில் விரலை வைத்தால் மை போல் கரி ஒட்டுகிறது. கழற்றிய பழைய பிளக்குகளின் நுனியும் கறுத்திருந்தது.

ஒரு கராஜில் இன்ஜெக்டரை (எஞ்சினுக்குப் பெற்றோலைத் தெளிக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். இன்னொன்றில் ஒட்சிசன் சென்சர் (புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளப்பது) என்கிறார்கள். சோதிக்காமல் விலை கூடிய பொருட்களை மாற்ற எனக்கு விருப்பமில்லை. என் சந்தேகம் தேர்மோஸ்டாட் மீதுதான்; எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு அது. வேகமாக ஓடும்போது வெப்பமானியின் ஊசி இறங்குகிறது, காத்தான்குடி நெரிசலில் நின்றால் ஏறுகிறது. தேர்மோஸ்டாட் திறந்தபடியே இறுகிவிட்டால் எஞ்சின் போதிய சூட்டுக்கு வராது; காரின் கம்ப்யூட்டரும் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும் அல்லவா?

இன்னொன்று, முன்பக்க இடது சில்லு மற்றவற்றை விடச் சுடுகிறது. உப்புக்காற்றில் பிரேக் கலிப்பர் (பிரேக் கட்டைகளை அழுத்தும் பாகம்) இறுகி, ஓடும்போதும் சில்லைப் பிடித்துக்கொண்டிருக்குமோ?

ஸ்கேனரைப் பொருத்தி, ஓடும்போதே கூலன்ட் வெப்பநிலையையும் ஒட்சிசன் சென்சரின் அளவுகளையும் பார்த்துச் சொல்லக்கூடிய மெக்கானிக் மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் இருக்கிறாரா? நீங்களாக இருந்தால் எதை முதலில் பார்ப்பீர்கள்? அனுபவமுள்ள அண்ணன்மார், தம்பிமார் தயவுசெய்து சொல்லுங்கள்.