ஆய்வு முடிந்துவிட்டது, எழுதுவதுதான் பாக்கி: இது சரியா?

கேள்வி:
இயற்பியல் முதுகலை மாணவர்களுக்கு ஆய்வுக்கட்டுரை எழுதச் சொல்லித்தருகிறேன். "ஆய்வு முடிஞ்சிடுச்சு, எழுதுறதுதான் பாக்கி" என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எழுத உட்கார்ந்த பிறகுதான் வாதத்தில் உள்ள ஓட்டை கண்ணில் படுகிறது. மறுபடியும் தரவைத் தேடிப் போகிறோம். அப்படியானால் எழுத்தும் கருதுகோள், சோதனை, திருத்தம் என்ற அதே வழியில்தானே போகிறது? இந்த ஒப்பீடு எதுவரை தாங்கும்?

பதில் 1:
நன்றாகவே தாங்கும். வானியலாளர் கெப்ளரைப் பாருங்கள். செவ்வாயின் பாதையை வட்டமாக வைத்து அவர் போட்ட கணக்குக்கும் வானியலாளர் டைகோ பிராகேயின் அளவீடுகளுக்கும் 8 கலை (ஒரு கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வித்தியாசம் வந்தது. வானத்தில் அது முழுநிலவின் அகலத்தில் கால்வாசிதான். பிராகேயின் துல்லியத்தை நம்பியதால் தன் நெடுநாள் உழைப்பையே கைவிட்டார். கடைசியில் நீள்வட்டத்துக்கு வந்து சேர்ந்தார். 1609-இல் வெளியிட்ட நூலில், தவறிப்போன முயற்சிகளையும் விவரித்தே எழுதியிருக்கிறார். வரைவிலும் இதுதான் கடினம். அறவே பொருந்தாத பத்தியை யாரும் நீக்கிவிடுவார்கள். ஏறக்குறையப் பொருந்துகிற, அதுவும் அழகாக அமைந்துவிட்ட பத்தியை நீக்கத்தான் மனம் வராது.

பதில் 2:
கட்டுரைக்குச் சரி. கதைக்கும் கவிதைக்கும் இதை நீட்டாதீர்கள். அளவீட்டை வேறொருவர் திரும்பச் செய்தாலும் அதே விடை வரவேண்டும். ஒரே கதையை இருவர் படித்து இரு வேறு இடங்களில் கலங்கினால் அது கதையின் பலம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கதை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். கெப்ளர் தவறிய வழிகளையும் எழுதினார் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இன்றைய கட்டுரை வடிவத்தில் அதற்கு இடமே இல்லை. முன்னுரை, முறை, முடிவு, விவாதம் என்ற இந்த அடுக்கு, சிந்தனை நடந்த விதத்தையே தவறாகக் காட்டுகிறது என்று உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1963-இல் வானொலியில் வாதிட்டார். அச்சான கட்டுரைகளை மட்டும் படிக்கும் மாணவர், தான் மட்டும் தடுமாறுவதாக நினைத்துக்கொள்கிறார். எனக்கு அதுதான் வருத்தம்.

டார்வினிடம் ஒரு பழக்கம் இருந்தது. தன் முடிவுக்கு எதிரான தகவல் கண்ணில் பட்டால் உடனே குறித்துவிடுவார். சாதகமானவற்றைவிட அவைதான் சீக்கிரம் மறந்துபோகும் என்பது அவர் அனுபவம். அடுத்த வரைவோடு அப்படி ஒரு தாளையும் மாணவர்களிடம் கேட்கப்போகிறேன். ஆனால் அதற்கு மதிப்பெண் போடலாமா? போட்டால் எதிர்வாதங்களை இட்டுக்கட்டுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?