அம்பாசடர் குவாட்டர் கண்ணாடி கீலுக்கு 1/8 அங்குல ரிவிட் சேலத்தில் கிடைக்குமா?

ஏற்காடு_மார்க்2:
1968 அம்பாசடர். குவாட்டர் கண்ணாடி (கதவு ஓரத்தில் தனியாத் திரும்புற சின்னக் கண்ணாடி) மேல்கீல் ரிவிட் ரெண்டு பக்கமும் தேஞ்சு ஆடுது. தண்டு 1/8 அங்குலம், அரைவட்டத் தலை, பிடிக்க வேண்டிய கனம் 2.4 மி.மீ. செவ்வாய்ப்பேட்டையில் கேட்டா பாப் ரிவிட்தான் தர்றாங்க. சேசிஸ் நம்பர் பொறிச்ச தகட்டு ரிவிட்டும் துருப்பிடிச்சிருக்கு. வழி சொல்லுங்க.

பட்டறைக்காரன்:
பாப் ரிவிட் வேண்டாங்க. உள்ளே குழல், கீல் திரும்பத் திரும்பத் தளர்ந்திடும். எலக்ட்ரிக்கல் கடையில் எர்த்துக்குப் போடுற 10 கேஜ் வெறும் செம்புக் கம்பி ஒரு அடி வாங்குங்க. அது 3.25 மி.மீ., 1/8 அங்குலத்துக்கு மயிரிழை கூட. துளைக்கு 3.3 பிட் ஓட்டினா சரியா உட்காரும்.

ஒரு தலைக்கு விட்டத்தில் ஒன்றரை மடங்கு விடணும்: 4.9 + 2.4 + 4.9, ஆக 12.2 மி.மீ. வெட்டிய துண்டை மங்கலாச் சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போடுங்க, இளகிடும். செம்பு அடிக்க அடிக்க இறுகும். தலை விளிம்பு வெடிச்சா காய்ச்சினது பத்தலைன்னு அர்த்தம்.

ரிவிட் தலையை உருண்டையாக்குற அச்சு நீங்களே செய்யலாம். 10 மி.மீ. இரும்புக் கம்பியின் முனையைச் சிவக்கக் காய்ச்சி, சைக்கிள் பின்சக்கரத்து 1/4 அங்குலக் குண்டை வெச்சு ஒன்றரை மி.மீ. இறங்குற அளவு அடிங்க. ரெண்டு வேணும்: ஒண்ணு வைஸில், ஒண்ணு மேலே. முதலில் சுத்தியலால் தண்டை உப்ப வெச்சு, அப்புறம்தான் அச்சு. நேரா அச்சை வெச்சா தண்டு சாயும்.

இது கீலுங்கறதை மறந்திடாதீங்க. இறுக அடிச்சா கண்ணாடி திரும்பாது. ரெண்டு தகட்டுக்கும் நடுவுல பழைய எக்ஸ்ரே பிலிம் கீற்றை ரிவிட்டைச் சுத்தி வர மாதிரி பிளந்து வெச்சு அடிச்சிட்டு, உருவி எடுத்திடுங்க. அந்த இடைவெளி போதும்.

செவ்வாய்ப்பேட்டை_சேகரிப்பு:
பழசைக் கழற்ற, தலை நடுவில் பஞ்ச் அடிச்சு 3 மி.மீ. பிட்டால் தலை கனம் மட்டும் குடையுங்க. அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுக்காம தட்டினா சட்டம் வளையும்.

பாத்திரப் பிடிக்கு அடிக்கிற அலுமினிய ரிவிட் சுலபமாக் கிடைக்குதுன்னு அதை மட்டும் போட்டுடாதீங்க. ஏற்காட்டு மூடுபனி ஈரத்தில் இரும்பு, பித்தளை பக்கத்தில் இருந்தா அலுமினியம்தான் முதலில் அரிச்சுப் போகும்.

சேசிஸ் தகட்டில் இருக்கிறது பெரும்பாலும் ரிவிட் இல்லைங்க, டிரைவ் ஸ்குரூ, அதாவது சுத்தியலால் அடிச்சு இறக்குற திருகு. தண்டில் சாய்ந்த புரி இருக்கும். தலையில் மெல்லிய அரத்தால் வெட்டுப் போட்டு இடப்பக்கமாத் திருப்பினா வந்திடும். புதுசுக்குத் துளை: 2-ஆம் நம்பர் ஸ்குரூவுக்கு 2.2 மி.மீ., 4-ஆம் நம்பருக்கு 2.65. துளை பெருத்தா பிடிக்காது. தகட்டைக் கழற்றும் முன்னாடி சேசிஸ் நம்பர் தெரிய போட்டோ எடுத்து வைங்க. 2021 விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விஏ வரிசைப் பதிவு (விண்டேஜ் வண்டிக்கான தனி நம்பர்) கேட்கிறதா இருந்தா, சேசிஸ் மாறாம இருக்கணும்.

ஏற்காடு_மார்க்2:
நன்றிங்க. குரோம் சட்டத்தில் செம்புத் தலை தனியாத் தெரியுமே?

பட்டறைக்காரன்:
ஈயம் பூசிடுங்க. பிலிமை உருவினதுக்கு அப்புறம் பிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவுற பசை) தடவி, சால்டரிங் அயர்னால் தலைமேல் மட்டும் மெல்லிசா இழுங்க. பிளக்ஸ் மிச்சத்தை வெந்நீரில் கழுவிட்டுக் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய். சட்டத்துக்குக் குரோம் போடறதா இருந்தா முன்னாடியே போட்டுட்டு அப்புறம் ரிவிட் அடிங்க. அடிக்கும்போது சுத்தி மாஸ்கிங் டேப் ரெண்டு அடுக்கு ஒட்டிக்கணும்.