வெள்ளி இரவு பெங்களூரிலிருந்து தர்மபுரி வரும் அக்கா யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கம் எங்க ஊர் மாலைப் பள்ளியில ஒரு வருஷம் தொண்டு செய்ய ஜெர்மனியில இருந்து ஒரு பொண்ணு வருது. 19 வயசு. முதல் வெளிநாட்டுப் பயணம். கடைசிக் கடிதத்துல ‘வணககம’னு புள்ளியே வைக்காம எழுதியிருந்தது, பார்த்ததும் மனசு நெகிழ்ந்துபோச்சு.

வெள்ளி ராத்திரி 11 மணிக்கு பெங்களூர்ல இறங்குது. ஏர்போர்ட் வடக்குக் கோடி. ஊரையே தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி வழியா வரணும். தனியா விட மனசில்லை. அன்னைக்கு அந்தப் பக்கமிருந்து குடும்பத்தோட காரில் வர்றவங்க சொல்லுங்க, டீசல் செலவு நான் தர்றேன்.

இன்னொண்ணு: 180 நாளுக்கு மேல தங்குற விசா, அதனால வந்த 14 நாளுக்குள்ள வெளிநாட்டவர் பதிவு பண்ணணும். ஆன்லைன்ல செஞ்ச அனுபவம் இருக்கிறவங்க கூட உக்காந்து உதவுங்க.

போர் தண்ணியில ஃபுளோரைடு, அதனால குடிக்க ஒகேனக்கல் தண்ணி பிடிச்சு வெச்சுட்டேன். கொசுவலை மட்டும் இன்னும் கிடைக்கல.